சிறுவர் நூலுக்குப் படம் வரையக் கேட்கிறார்: கூலி கேட்பதா, பங்கு கேட்பதா?

தேயிலைப்பென்சில் (தலவாக்கலை) எழுதியது:

வணக்கம். ஒரு வருடமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எனக்கே ஒரு கேள்வி வந்துவிட்டது.

தலவாக்கலைக்குப் பக்கத்தில் உள்ள தோட்டமொன்றில் வசிக்கிறேன். உயர்தரத்தில் சித்திரம் ஒரு பாடமாகச் செய்து சித்தியடைந்தேன். பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. இரண்டு வருடங்களாக ஹட்டனில் பெனர் அச்சடிக்கும் கடையொன்றில் வேலை செய்கிறேன். காலையில் பூப்புனித நீராட்டு விழா, மத்தியானம் மரண அறிவித்தல், பின்னேரம் கோயில் திருவிழா என்று ஒரே கணினியில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எனக்காக வரைவேன்.

எங்கள் பகுதியில் எல்லோரும் மதிக்கும் எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற அதிபர். அப்பாயியின் பழைய கொழுந்துக் கூடைக்குள் ஒளிந்து விளையாடும் ஒரு சிறுமியைப் பற்றி அவர் சிறுவர் கதையொன்று எழுதியிருக்கிறார். 24 பக்கங்களுக்கும் அட்டைக்கும் என்னைப் படம் வரைந்து தரச் சொன்னார். காசைப் பற்றி அவராகவே பேச்செடுத்து, "இப்போது கையில் பெரிதாக ஒன்றும் இல்லை மகள், புத்தகம் விற்றால் பார்த்துக்கொள்வோம், உனக்கும் பெயர் வரும்" என்றார். கதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் போன வருடம் பட்ட அடி இன்னும் ஆறவில்லை. ஒரு நிறுவனத்தின் விழிப்புணர்வுக் கைந்நூலுக்கு எட்டுப் படங்கள் வரைந்து கொடுத்தேன். சிறு தொகை ஒன்று தந்தார்கள். நூலில் என் பெயர் இல்லை. தைமாதம் அதே படங்கள் அவர்களுடைய சுவர் நாட்காட்டியில் வந்திருந்தன. என்னிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. எழுத்தில் எதுவும் இல்லாததால் நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆகவே, இந்த அதிபர் ஐயாவிடம் நான் கூலியாக ஒரு தொகை கேட்பதா, விற்பனையில் பங்கு கேட்பதா, அல்லது முதல் நூல் என்று சும்மா வரைந்து கொடுப்பதா? இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. படம் வரைவதை மட்டும் நம்பி மலையகத்தில் இருந்தபடியே பிழைக்க முடியுமா, கொழும்புக்குத்தான் போக வேண்டுமா? அம்மா கொழுந்து பறிக்கிறார். "டீச்சர் வேலைக்குப் படி, படம் எங்கேயும் ஓடிப்போகாது" என்பது அவருடைய முடிவு.


வட்டகொடை வாத்தியார் எழுதியது:

மகள், உங்கள் அம்மா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்று சொல்லித்தான் தொடங்க வேண்டும். 26 வருடங்களாகச் சித்திரம் படிப்பிக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் கையில் வித்தை உள்ளவர்கள் பலர். அதைக் கொண்டே சோறு உண்பவர்கள் சிலர்தான். கோயில் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கிறார்கள், முச்சக்கர வண்டிக்கு எழுத்து எழுதுகிறார்கள், ஒருவர் மட்டும் கொழும்பில் அனிமேஷன் நிறுவனம் ஒன்றில் இருக்கிறார்.

முதலில் படிப்பின் கதவு உண்மையில் மூடிவிட்டதா என்று பாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். கட்புலக் கலைக்கு இசட் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு என்பதால், கை நன்றாக உள்ள பிள்ளைக்கு அங்கே ஒரு வாய்ப்பு கூடுதலாகக் கிடைக்கிறது. தமிழ்வழியில் படிக்க விரும்பினால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் கோரி வர்த்தமானி வரும்போது, சித்திரப் பாடநெறி தமிழ்மொழி மூலம் எந்தக் கல்லூரிக்கு என்பதைத் தேடி வாசியுங்கள். நம் பிள்ளைகள் பத்தனை ஸ்ரீபாத கல்லூரியைத் தவிர வேறு பெயரையே பார்ப்பதில்லை. பெனர் கடை அனுபவத்தை வீணாக்காமல், தொழிற்பயிற்சி அதிகாரசபையின் வரைகலைப் பாடநெறி ஒன்றில் என்விகியூ 4 எனப்படும் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் வேலையில் பின்னேரம் உங்களுடையது, தவணை விடுமுறையும் உங்களுடையது. அந்த நேரத்தில் வரையலாம். அதிபர் ஐயாவின் நூலைப் பொறுத்தவரை, பெரியவர் கேட்கிறார், நல்ல கதை, ஒரு முறை வரைந்து கொடுத்தால் குறைந்துபோக மாட்டீர்கள் என்பது என் அபிப்பிராயம்.


கோடும் நிறமும் (பண்டாரவளை) எழுதியது:

வாத்தியார் ஐயா கடைசியாகச் சொன்ன ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். "ஒரு முறை சும்மா வரைந்து கொடுத்தால் குறைந்துபோக மாட்டாய்" என்று எனக்கும் சொன்னார்கள். அந்த ஒரு முறை நான்கு வருடம் நீடித்தது.

தங்கச்சி, நான் கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஐந்து வருடம் இருந்தேன். தொலைக்காட்சி விளம்பரம் எடுப்பதற்கு முன் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து காட்டும் வேலை, ஸ்டோரிபோர்ட் என்பார்கள். காலையில் கேட்டால் மாலையில் 20 கட்டம் மேசையில் இருக்க வேண்டும். வேகமும், "இது சரியில்லை" என்று யாராவது சொன்னால் முகம் சுருங்காமல் திருத்தும் பழக்கமும் எனக்கு அங்கேதான் வந்தன. போகக் கிடைத்தால் இரண்டு வருடமாவது போய்வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் போகும்போதே ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேலையின் பகுதியாக நீங்கள் வரைவதன் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், சம்பளம் தருபவருக்குத்தான். அந்த ஐந்து வருடப் படங்களில் ஒன்றைக்கூட என் விருப்பப்படி விற்கவோ நூலில் போடவோ எனக்கு உரிமை இல்லை.

உங்கள் நாட்காட்டி விடயம் இதற்கு நேர் எதிர். அங்கே நீங்கள் சம்பளக்காரி இல்லை. படம் பிறந்த கணமே பதிப்புரிமை வரைந்தவருக்கு. எந்த அலுவலகத்திலும் பதிய வேண்டியதில்லை. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் பதிவது வர்த்தகக் குறி, ஆக்கவுரிமை, கைத்தொழில் வடிவமைப்பு போன்றவற்றை. உங்கள் உரிமையை இன்னொருவருக்குக் கைமாற்றுவதென்றால் எழுத்தில் எழுதி, இரு தரப்பும் கையொப்பம் இட வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையே என்று நீங்கள் கவலைப்பட்டீர்கள். அந்தக் கவலை அவர்களுக்குத்தான் வர வேண்டும். கைந்நூலுக்காக வாங்கிய படத்தை நாட்காட்டியில் போட அவர்களிடம் என்ன தாள் இருக்கிறது? பெயர் போடப்பட வேண்டும் என்பது அதைவிடத் தனியான உரிமை. சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. "எட்டுப் படங்களும் கைந்நூலுக்காக மட்டும் தரப்பட்டவை, நாட்காட்டிப் பயன்பாட்டுக்கான கட்டணப் பட்டியலை இத்துடன் இணைத்துள்ளேன்" என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பணம் வராமலும் போகலாம். அடுத்த வருடம் கேட்காமல் எடுக்க மாட்டார்கள்.

இப்போது அதிபர் ஐயா. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 500 பிரதி, ஒன்று 600 ரூபா, ஒன்றுகூட மிஞ்சாமல் விற்கிறது. பத்து சதவீதம் ஆக்கியோர் பங்கு என்றால் 30,000 ரூபா. எழுதியவரும் வரைந்தவரும் பாதி பாதியாகப் பிரித்தால் உங்களுக்கு 15,000. 24 பக்கம் என்பது விரித்து வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 12 பெரிய படங்கள், அதற்கு மேல் அட்டை; இரவு வேலையாகச் செய்தால் மூன்று மாதம் போகும். ஆகவே நம் ஊர்ப் பிரதி எண்ணிக்கைக்குப் பங்கு மட்டும் என்பது பெரும்பாலும் சும்மா வரைவதற்கு இன்னொரு பெயர். கூலி மட்டும் என்றாலும் ஐயாவால் முடியாது. நான் செய்வது இரண்டும் கலந்தது. தாளுக்கும் மின்சாரத்துக்கும் டேட்டாவுக்கும் ஈடாக ஒரு சிறு தொகை முன்னால், பிறகு விற்பனையில் பங்கு; இந்தப் பதிப்பைத் தவிர்ந்த மொழிபெயர்ப்பு, மறுபதிப்பு, நாட்காட்டி, பாடநூல் என எதற்குப் படம் போனாலும் என்னைக் கேட்டு, தனியாகப் பேச வேண்டும். மூல ஓவியங்கள் என்னிடமே இருக்கும். அட்டையில் எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் வரைந்தவர் பெயர். இந்தக் கடைசி விடயத்தில் நான் ஒருநாளும் இறங்கிப் போனதில்லை.

திருத்தத்தையும் எழுதுங்கள். நான் முதலில் தீப்பெட்டி அளவில் முழு நூலையும் ஒரே தாளில் வரைந்து காட்டுவேன்; பிறகு பென்சில்; பிறகு நிறம். பென்சில் நிலையில் இரண்டு தடவை எதை வேண்டுமானாலும் மாற்றலாம். நிறம் தீட்டிய பிறகு "அந்தச் சிறுமிக்கு இரட்டைப் பின்னல் போட்டால் என்ன" என்று கேட்டால் அதற்குக் கட்டணம் உண்டு. சிரிக்காதீர்கள், 11 பக்கத்தில் பின்னல் மாற்றியிருக்கிறேன்.

மலையகத்தில் இருந்தபடியே பிழைக்க முடியுமா என்றால், நான் 2020 இல் திரும்பி வந்தேன், இன்னும் இருக்கிறேன். ஆனால் நூல் மட்டும் என்னைக் காப்பாற்றவில்லை. என் வருமானத்தில் பாதி தேயிலைப் பெட்டிகளும், எல்ல என்ற சுற்றுலா ஊர்ப் பக்கத்துச் சிறு விடுதிகளுக்குச் சுவரோவியமும் கைவரைபடமும். தேயிலைப் பெட்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வாடிக்கையாளர் "அந்தச் சிங்கத்தையும் ஒரு மூலையில் வரைந்துவிடுங்கள்" என்பார். வாளேந்திய அந்தச் சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபையின் சொத்து. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டு, சபையின் அனுமதியும் பெற்றால்தான் பெட்டியில் வரலாம். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் அந்த மூலையில் ஒரு கொழுந்தை வரைந்து கொடுங்கள்.

மீதியில் ஒரு பகுதி வெளிநாட்டு வேலை. பேபால் மூலம் இங்கிருந்து காசு கட்டலாமே தவிரப் பெற முடியாது என்ற நிலை பல வருடம் இருந்ததால், நம்மவர்கள் பலரும் பேயோனியர் என்ற இன்னொரு இணையப் பணச் சேவை வழியாக வங்கிக்கு எடுத்துப் பழகிவிட்டோம். 2025 ஏப்ரல் முதல் அந்த வருமானத்துக்கும் வரி உண்டு, உச்ச வீதம் 15 சதவீதம். வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் நிவாரணம் இருப்பதால் தொடக்கத்தில் உங்களைத் தொடாது. ஆனாலும் முதல் நாளிலிருந்தே வரவை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

எந்தப் பள்ளிக்கும் போகாமல் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முறையான ஓவியப் படிப்பு இல்லாமல் பத்திரிகை அலுவலகத்தில் வரைந்து வளர்ந்த சிபில் வெத்தசிங்கவை நினைவுபடுத்துவேன். 2020 இல் தம் 92 ஆவது வயதில் மறையும்வரை தாமே எழுதித் தாமே வரைந்தார். அவருடைய படங்களில் தென்பகுதிக் கிராமத்தின் கிணற்றடியும் குசினியும் இருக்கும். அவர் கண்டு வளர்ந்தவை அவை. நம்மைப் பற்றிய படங்களைப் பாருங்கள். அண்மையில் ஒரு சிறுவர் நூலில் கொழுந்து பறிக்கும் பெண் பூக்கூடையை இடுப்பில் வைத்திருப்பதுபோல் கூடையை வைத்திருந்தாள். கூடையின் கயிறு உச்சந்தலையில் மடித்த துணியின் மேல் ஏறி, கூடை முதுகில் தொங்கி, இரண்டு கையும் விடுபட்டால்தானே பறிக்க முடியும்? இடுப்பில் கூடை இருந்தால் ஒரு கை போய்விடும், அன்றைய பேரும், அதாவது முழு நாள் கூலியும், போய்விடும். இடுப்பில் இருக்க வேண்டியது படங்கு என்ற சுற்றுத் துணி, ஈரச் செடி உடுப்பை நனைக்காமல். அதை வரைந்தவர் சோம்பேறி இல்லை, கண்டதில்லை. நீங்கள் கண்டிருக்கிறீர்கள். ஐயா உங்களிடம் வந்தது அதற்காகத்தான்; அதற்கு விலை உண்டு என்று நீங்கள்தான் முதலில் நம்ப வேண்டும்.


தேயிலைப்பென்சில் எழுதியது:

அக்கா, பேர் போய்விடும் என்பதை வாசித்ததும் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்" என்றவர், இப்போது தங்கள் மலையில் கூடையே இல்லை, எல்லோரும் நைலோன் பைதான் கட்டுகிறார்கள் என்பதையும் எழுதச் சொன்னார்.

என் தயக்கம் வேறு. ஐயா என் அப்பாவுக்கே படிப்பித்தவர். அவர் முன்னால் ஒரு தாளை நீட்டி "கையொப்பம் வையுங்கள்" என்றால், நம்பிக்கை இல்லை என்று நினைக்க மாட்டாரா? மேலும் என்னிடம் உள்ளது ஒரு பழைய மடிக்கணினியும் விரித்த கை அளவு பென் டேப்லெட்டும் கிரீட்டா மென்பொருளும்தான். ஐபேட் இல்லாமல் அச்சுக்குப் போகும் தரத்தில் செய்ய முடியுமா?


அச்சுக்கூடத்தான் (கண்டி) எழுதியது:

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அச்சகத்தில் உட்கார்ந்து 19 வருடமாக மற்றவர்களின் கோப்புகளைத் திருத்துவதே என் பிழைப்பு. கிரீட்டா இலவசம் என்பதால் குறைந்தது என்று நினைக்க வேண்டாம். படநூலுக்குத் தாராளமாகப் போதும். தண்ணீர் வர்ணத்தில் தாளில் வரைந்து ஸ்கேன் செய்து கொண்டுவந்தாலும் போதும். கெடுவது வேறு இடங்களில்.

முதலாவது பச்சை. நீங்கள் திரையில் காணும் கொழுந்துப் பச்சை ஒளியால் ஆனது; அச்சில் வருவது நான்கு மையால் ஆனது. அந்த இளம் மஞ்சட்பச்சை அச்சுக்குள் அடங்காது. மங்கி, வெயிலில் காய்ந்த இலைபோல ஆகிவிடும். ஒரு நூல் முழுக்கத் தேயிலை மலை என்றால் இது சின்ன விடயம் இல்லை. ஆகவே எல்லாப் படத்தையும் முடிப்பதற்கு முன்பே ஒரு பக்கத்தை மட்டும் அச்சகத்தில், நூலுக்குப் போடப்போகும் அதே தாளில், மாதிரி எடுத்துப் பாருங்கள். பிறகு அந்தப் பச்சையை வைத்து மற்றவற்றைத் தீட்டுங்கள். சுற்றியுள்ள நிறத்தைக் கொஞ்சம் அடக்கினால் மங்கிய பச்சையும் ஒளிரும். பழைய ஓவியர்கள் செய்த உபாயம் அதுதான்.

அளவு: நூலின் உண்மையான அளவில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, நான்கு பக்கமும் 3 மில்லிமீற்றர் வெட்டுக்கு மேலதிகம். பெனர் கடையில் 72 இல் செய்து பழகியிருப்பீர்கள்; அங்கே தூரத்தில் நின்று பார்ப்பார்கள், இங்கே பிள்ளை மூக்கை ஒட்டி வைத்துப் பார்க்கும். முகம் நடு மடிப்பில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்க எண்ணிக்கை நான்கால் பிரிபட வேண்டும் என்பதால் 24 சரி. உள்தலைப்பும் பதிப்பு விபரமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும், ஆகவே கதைக்கு மிஞ்சுவது 20 அல்லது 21 பக்கம்தான் என்று ஐயாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஐஎஸ்பிஎன் இலக்கத்துக்குத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அட்டை வரையும்போதே பின்பக்கத்தில் பட்டைக் குறிக்கு ஒரு வெள்ளை இடம் விடுங்கள். கடைசி நேரத்தில் அது அப்பாயியின் முகத்தில் ஒட்டப்பட்டதை நான் கண்டிருக்கிறேன்.

இனி முக்கியமானது. படத்துக்குள் எழுத்தை எழுதவே வேண்டாம். கடைப் பலகை, பாடசாலைப் பெயர், "டொக் டொக்" என்ற சத்தம் உட்பட எதுவும் படத்தோடு ஒட்டியிருக்கக் கூடாது. இந்த நாட்டில் நல்ல சிறுவர் நூல் ஒன்று ஓடினால் அடுத்த கேள்வி சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடலாமா என்பதுதான். எழுத்து முழுவதும் தனிக் கறுப்பு மையில், தனி அடுக்கில் இருந்தால், மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகட்டில் கறுப்புத் தகடு ஒன்றை மட்டும் மாற்றி மூன்று மொழியிலும் அச்சடிக்கலாம். மற்ற மூன்று தகடும் அப்படியே இருக்கும். எழுத்தைக் கரும்பச்சையிலோ படத்துக்குள்ளோ போட்டுவிட்டால் ஒவ்வொரு மொழிக்கும் முழுச் செலவு. எழுத்துக்கான இடத்தைத் தமிழை வைத்து அளவெடுங்கள். தமிழ்ச் சொல் நீளமானது, வரியின் முடிவில் உடைத்தால் சிறு பிள்ளைக்கு வாசிக்க வராது. தமிழுக்கு இடம் போதுமென்றால் மற்ற இரண்டும் உட்கார்ந்துவிடும். கதையை ஐயா பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்தால் யுனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ஒருவர் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.


பதுளையில் எழுதுபவள் எழுதியது:

எழுதுகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை, ஏனெனில் அதிபர் ஐயாவை யாரும் கஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. நம்மில் அநேகர் நகையை அடகு வைத்தோ, ஓய்வூதியத்திலிருந்து எடுத்தோ தம் செலவில்தான் நூல் போடுகிறோம். பதிப்பாளரும் நாமே, மூட்டை தூக்குபவரும் நாமே.

அதே காரணத்துக்காக மேலே போட்ட கணக்கில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். 600 ரூபா வீதம் 500 பிரதி என்று நம் ஊரில் நூல் விற்பதில்லை. வெளியீட்டு விழாவில் முதற் பிரதி, சிறப்புப் பிரதி என்று மேடைக்கு அழைக்கப்படும் பிரமுகர்கள் உறையில் வைத்துத் தருவதே அச்சுச் செலவை ஈடுகட்டுகிறது. 600 ரூபா நூலுக்கு உறையில் 5,000 இருக்கும், சில வேளை அதற்கு மேலும். இது எந்த விற்பனைக் கணக்கிலும் வராது. ஆகவே தங்கை, பங்கு பேசினால் "விற்பனையில்" என்று எழுதாதீர்கள். "வெளியீட்டு விழா வரவு உட்பட, அச்சுச் செலவு கழிந்த மிகுதியில்" என்று எழுதுங்கள். அச்சகப் பற்றுச்சீட்டின் பிரதி ஒன்றும் உங்களிடம் இருக்கட்டும். மேடையில் உங்களையும் அமர வைக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுத முடியாது, அதைப் பேச்சில் கேளுங்கள்.

சேர்ந்து வேலை செய்வது பற்றி எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. என் முதல் சிறுவர் கதையில் சுமார் 900 சொற்கள் இருந்தன. "மூடுபனி மலையை மெல்ல மூடியது, சிவனொளிபாதமலை கண்ணுக்கு மறைந்தது, லயத்தின் கூரையிலிருந்து புகை எழுந்தது" என்று எழுதியிருந்தேன். வரைந்த தம்பி பென்சில் படங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். பனியும் புகையும் அங்கேயே இருந்தன. அன்று மாலையே பாதிக்கு மேல் வெட்டினேன். ஒரு பக்கத்தில் "அம்மா இன்னும் வரவில்லை" என்ற மூன்று சொற்கள் மட்டும் மிஞ்சின; வாசலில் குந்தியிருக்கும் பிள்ளையும் வெறும் செருப்பும் மற்றதைச் சொல்லின. வெட்டிய சொற்களின் இடத்தை யார் நிரப்பினாரோ அவருக்கு நூலாசிரியர் பங்கில் பாதி தராமல் எப்படி இருப்பது? ஐயாவிடம் தாளை நீட்டுவதற்கு முன் அந்தத் தீப்பெட்டிப் படங்களை நீட்டுங்கள். அவற்றைப் பார்த்த பிறகு பேச்சு தானாக மாறும்.

இன்னொன்று: இணையத்தில் பெயர் எடுக்க, இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் போன்ற திறந்த தளங்களுக்கு வரையலாமா என்று பலர் கேட்கிறார்கள். கிரியேட்டிவ் கொமன்ஸ் அனுமதியோடு அங்கே ஏறும் படத்தை, உங்கள் பெயரைக் குறிப்பிட்டு, யாரும் வணிகத்துக்கும் எடுக்கலாம். அறிமுகத்துக்காக ஓரிரு படங்கள் நல்லதே. இந்தக் கூடைக் கதையை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.


வட்டகொடை வாத்தியார் எழுதியது:

பண்டாரவளைத் தங்கை சொன்னதை இரண்டு தடவை வாசித்தேன். சும்மா வரைந்து கொடு என்று நான் சொன்னதை மீளப் பெறுகிறேன். ஆனால் கல்வியியற் கல்லூரி விண்ணப்பத்தை மீளப் பெறவில்லை மகள், அதையும் நிரப்புங்கள். 15,000 ரூபாக் கணக்கைப் பார்த்த பிறகு அதை இன்னும் உறுதியாகச் சொல்கிறேன்.


தேயிலைப்பென்சில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன்.

சொன்னபடி முதலில் சிறுபடங்கள் நிறைந்த தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிறகு நான் பயந்து பயந்து ஒப்பந்தத் தாளை எடுத்தேன். ஐயா அதை வாங்கி வாசித்தார், சிவப்புப் பேனாவால் மூன்று எழுத்துப் பிழைகளைத் திருத்தினார், "மிகுதியில்" என்பதற்கு முன் "நிகர" என்று ஒரு சொல்லைச் சேர்த்தார், பிறகு சீஆர் கொப்பி ஒன்றை எடுத்து முழுவதையும் தம் கையெழுத்தில் இரண்டு பிரதி எழுதினார். பாதிப் பங்கு, அட்டையில் ஒரே அளவில் பெயர், மூல ஓவியம் என்னிடம், மற்ற மொழிகளுக்குத் தனிப் பேச்சு. முன்பணத்துக்கு மட்டும் அடுத்த மாத ஓய்வூதியம் வரும்வரை தவணை கேட்டார். ஒப்புக்கொண்டேன். நாட்காட்டி நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், பதில் இல்லை. கல்லூரி விண்ணப்பத்தை அம்மாவே ஞாபகப்படுத்துவார் வாத்தியார் ஐயா.

ஒரே ஓர் இழுபறி மிஞ்சியிருக்கிறது. அட்டையில் அப்பாயி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தால் அழகாக இருக்கும் என்கிறார் ஐயா. அவர் பிறந்தது பாடசாலை விடுதியில், மலைக்குப் போனதில்லை. எங்கள் வீட்டு அடுப்படிக்கு மேல் பரணில் அப்பாயியின் கூடை இன்னும் கிடக்கிறது, கயிறுதான் அறுந்துவிட்டது. அம்மா இன்று பின்னேரம் புதுக் கயிறு கட்டித் தந்தார். அடுத்த ஞாயிறு அதைத் தலையில் மாட்டிக்கொண்டே பஸ் ஏறுவதாக இருக்கிறேன்.